ஐந்தாவது ஆள்

மாவு இனிமேல் ஆகாது என்று டாக்டர் சொன்னபோது மாஸ்டருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தபால்காரனைக் கூப்பிட்டு இனிமேல் கடிதத்தைத் தொடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பேக்கரியில் மாவோடு மாவாகக் கிடந்தவர். புருவத்தில் மாவு, காது மடலில் மாவு, சட்டைப் பையில் கைவிட்டால் சில்லறையோடு மாவு. அவர் கழற்றிப் போடும் சட்டையை உதறினால் ஒரு வேளை சமையலே முடித்துவிடலாம் என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

"சிரிக்காதீங்க" என்றார் டாக்டர். "இது சளி இருமல் இல்ல. மாவுத் தூசி உள்ள போய்ப் போய் உங்க நெஞ்சு அதை எதிரியா எடுத்துக்கிச்சு. ஒரு மூட்டையைப் பிரிச்சாலே மூச்சு இழுக்குதுல்ல? இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே நின்னீங்கன்னா மாடிப்படி ஏற ஆள் பிடிக்க வேண்டியிருக்கும்."

"மூக்குல துணி கட்டிக்கிட்டு நின்னா?"

"அப்படிக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் நின்னீங்க?"

துணி கட்டினால் அடுப்புச் சூட்டில் மூச்சு முட்டும். அரை மணி நேரத்தில் இழுத்துக் கழுத்தில் விட்டுக்கொள்வார். அது டாக்டருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் அவருக்கு ஆச்சரியம்.

முதலாளி நல்ல மனுஷர். கணக்கை முடித்து, சேர வேண்டியதற்கு மேலேயே போட்டுக் கொடுத்தார். கடைசி நாள் மாஸ்டர் வழக்கம்போல அடுப்பிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, திருப்பி, அடியில் விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். வெந்த ரொட்டி காலிப் பெட்டியைத் தட்டின மாதிரிச் சத்தம் போடும். போட்டது. அதைத் தட்டில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பல வருஷமாகப் பகல் வெளிச்சத்தில் அந்தத் தெருவைப் பார்க்காததால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம் எல்லாரும் அவரை விருந்தாளி மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் அவரே வீட்டுக்கு இடைஞ்சலாகிவிட்டார். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மடித்து, வண்டியில் அடுக்கி, ஒவ்வொரு வார்டாகத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுப்பாள். மகள் மருந்தாளுநர் படிப்பில் கடைசி வருஷம். இருவரும் எட்டு மணிக்குப் போய்விட்டால் வீட்டில் அவரும் சுவர்க் கடிகாரமும்தான். கையில் போன். போனில் ஒரு கோட்டுப் போட்ட பையன் வந்து வந்து நின்றான்.

"வீட்டில் உட்கார்ந்தபடி! தினம் இரண்டே மணி நேரம்! அனுபவம் தேவையில்லை!"

மாஸ்டர் முதல் நாள் தள்ளிவிட்டார். இரண்டாம் நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அந்தப் பையன் வரவில்லையே என்று தேடினார். பங்குச் சந்தை என்றால் ஏதோ படித்தவர்கள் சமாச்சாரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். ஆனால் இதில் தூசி இல்லை, சூடு இல்லை, நிற்க வேண்டியதில்லை. தனக்கென்றே செய்து வைத்த வேலை மாதிரி அவருக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை இலவசக் கூட்டம் என்றார்கள். போனார். பெரிய கூடம், குளிரூட்டி ஓடியது. வாசலிலேயே ஒரு தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலமும் கொடுத்தார்கள். பிஸ்கட்டைக் கடித்ததும் நடுவில் வேகவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் அதை யாரிடம் சொல்வது? மேடையில் கோட்டுப் பையன் திரையைக் காட்டிப் பேசினான். பச்சையும் சிவப்புமாகப் பங்கு விலைகள் குச்சி குச்சியாய் ஏறி இறங்கின. அதற்கு மெழுகுவத்தி என்று பேராம். மாஸ்டருக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதிதான் அவரை அதிகம் கவர்ந்தது.

"இப்போ நம்ம பழைய மாணவர் ஒருத்தர் பேசுவார்" என்றான் பையன். "போன வருஷம் வரைக்கும் லாரி மட்டுமே ஓட்டிக்கிட்டிருந்தவர்."

மேடையேறியவனைப் பார்த்து மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பயில்வான்!

பயில்வான் என்பது பட்டப் பெயர். ஆள் துடைப்பக்குச்சி மாதிரி இருப்பான். மில்லிலிருந்து பேக்கரிகளுக்கு மாவு மூட்டை கொண்டுவரும் லாரி டிரைவர். அந்த உடம்பில் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துப் பேக்கரிப் பையன்கள் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. பதினைந்து வருஷமாக வாரம் இரண்டு தடவை மாஸ்டர் கையால் டீ வாங்கிக் குடித்தவன். இப்போது தோளுக்குப் பொருந்தாத ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்திருந்தான்.

"நான் ஒரு நாள் முழுக்க லாரியில சம்பாதிக்கிறதை இங்க பத்து நிமிஷத்துல சம்பாதிக்கிறேன்" என்றான். மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிக்கிற குரல். மாஸ்டருக்கு அது மேடைக் கூச்சம் என்று பட்டது. கூடத்திலேயே பலமாகக் கை தட்டியவர் அவர்தான்.

கூட்டம் கலைந்ததும் இடித்துப் பிடித்துக்கொண்டு அவனிடம் போனார். "டேய் பயில்வான்! சொல்லவே இல்லையே நீ!"

அவன் திடுக்கிட்டுப் போனான். "மாஸ்டர்... நீங்க எங்க இங்க?"

"வேலையை விட்டுட்டேன்பா. நெஞ்சுக்கு மாவு ஆகலையாம். நான் சேரலாமா இதுல? நீ சொல்லு, சேர்றேன்."

பயில்வான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தான். "சேருங்க" என்று முனகினான். அதற்குள் ஒரு பெண் படிவத்தோடு வந்துவிட்டாள். உங்களுக்குத் தெரிந்த மாணவர் யாராவது இருக்கிறார்களா என்று அதில் ஒரு கட்டம். மாஸ்டர் பெருமையாக அவனைக் கைகாட்டினார்.

கட்டணத்தைக் கேட்ட அன்று மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். முதலாளி கொடுத்த மொத்தத் தொகையில் சரியாகக் கால் பங்கு அது. அதோடு போகவில்லை. படித்து முடித்ததும் வியாபாரத்தில் இறக்க இன்னும் ஒரு கால் பங்கு வேண்டுமாம்.

"பத்து நிமிஷத்துல சம்பாதிக்கிறவரு இன்னும் எதுக்கு மூட்டை தூக்குறாரு?" என்றாள்.

"பழகின வேலைம்மா. சட்டுனு விட முடியுமா?"

"நீங்க விட்டீங்களே."

"என்னை விட வச்சாங்க. அது வேற."

"அப்பா, படிக்கிறது தப்பில்ல" என்றாள் மகள் நடுவில். "எங்க படிக்கிறோம்னு பார்க்கணும். நான் காலேஜ் சேர்றப்ப எத்தனை காலேஜ் ஏறி இறங்கினோம்? லேப் இருக்கா, வாத்தியார் இருக்காரான்னு நீங்கதானே ஒவ்வொண்ணா கேட்டீங்க?"

"அது உன் படிப்பு. அதுல நான் அஜாக்கிரதையா இருக்க முடியுமா?"

"இது உங்க படிப்பு. இதுல மட்டும் இருக்கலாமா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கட்டினால்தான் சலுகை. அதற்கு மேல் கட்டணம் ஏறிவிடும். இந்த ஐந்து மணி அவர் தலைக்குள் அலாரம் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மனைவிதான் இறங்கி வந்தாள். "கட்டுறதுன்னா கட்டுங்க. ஆனா நானும் வருவேன்."

வெள்ளிக்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டாள். இருவரும் போய் அந்த அலுவலகத்தின் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிரே அதே படிவப் பெண். சின்ன வயசு, கலைந்துபோகாத சிரிப்பு.

"போன வருஷம் உங்ககிட்ட எத்தனை பேரு படிச்சாங்க?" என்று ஆரம்பித்தாள் மனைவி.

"ஆயிரத்துக்கு மேல மேடம்."

"அதுல இப்பவும் இந்தத் தொழில் பண்றவங்க எத்தனை பேரு?"

"அந்த விவரமெல்லாம் வெளியே தர்றதில்ல மேடம். கம்பெனி பாலிசி."

"சரி. ரெண்டு நாள் வந்து உட்கார்ந்து பார்த்துட்டுப் புரியலைன்னா பணத்தைத் திருப்பிக் கொடுப்பீங்களா?"

"கட்டினா கட்டினதுதான் மேடம். பாலிசி."

"சொல்லிக் கொடுக்கிற சாரு, போன வருஷம் அவரு சொந்தப் பணத்துல எவ்வளவு சம்பாதிச்சாரு, எவ்வளவு விட்டாருன்னு கணக்குக் காட்டுவாரா?"

அந்தப் பெண் சிரித்தபடியே மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இதுக்கும் பாலிசிதானா? சரிம்மா, நீ சம்பளக்காரப் பொண்ணு, உன்னைச் சொல்லி என்ன" என்று மனைவி எழுந்துவிட்டாள்.

"மேடம், சலுகை அஞ்சு மணி வரைக்கும்தான்!"

தெருவில் இறங்கியதும் மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மானத்தை வாங்கிட்டே. கத்தரிக்காய் வாங்குற மாதிரியா பேசுறது?"

"கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துதானே வாங்குறோம்? ஒண்ணு கேட்கிறேன். நீங்க ரொட்டி வித்தவரு. சாயங்காலம் ஆனா ரொட்டி விலை ஏறுமா, குறையுமா?"

"குறையும்."

"இவங்க சரக்கு மட்டும் ஏன் சாயங்காலம் ஆனா ஏறுது? மறுநாள் வரைக்கும் நம்மளை யோசிக்க விடக் கூடாது, அதுக்குத்தானே?"

மாஸ்டர் வேகமாக நடந்தார். இரைப்பு வந்தது. நின்று, சட்டைப் பையிலிருந்த மருந்தை உறிஞ்சிக்கொண்டார். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்த நேரத்தில்கூட அவர் மனதுக்குள் முடிவு மாறவில்லை. வீட்டுக்குப் போய் வங்கிப் புத்தகத்தை எடுப்பது, கட்டிவிடுவது. பயில்வானே ஜெயித்திருக்கிறான், நமக்கென்ன?

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்த நேரம், தெரு முனையில் லாரி நிற்கிற சத்தம் கேட்டது. அதன் பிரேக் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். எட்டிப் பார்த்தார். பயில்வான் வந்துகொண்டிருந்தான். கோட்டு இல்லை. பழைய காக்கிச் சட்டை. அதுவும் நனைந்திருந்தது. வாசலுக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டான்.

"உள்ள வாடா, ஏன் அங்கயே நிக்கிறே?"

"சட்டையெல்லாம் மாவு மாஸ்டர். உங்களுக்கு ஆகாதுன்னீங்களே. குழாயடியில உதறிக் கழுவிட்டுத்தான் வர்றேன், இருந்தாலும்..." என்று தன்னையே பார்த்துக்கொண்டான். பிறகு அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான். "பணம் கட்டிட்டீங்களா?"

"இதோ, கிளம்பிக்கிட்டே இருக்கேன்."

"கட்டாதீங்க."

மாஸ்டர் புரியாமல் நின்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"நான் அங்க மேடையில சொன்னது ஒண்ணும் நிஜமில்ல மாஸ்டர். பத்து நிமிஷமும் இல்ல, பத்து பைசாவும் இல்ல. போன வருஷம் நானும் கட்டினேன். என் வீட்டுக்காரி கை வளையலை வித்துக் கட்டினேன். ரெண்டு மாசம் என்னமோ சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் இறங்குன்னாங்க. இறங்கினேன். முதல் வாரம் கொஞ்சம் வந்துச்சு. அதைப் பார்த்து இன்னும் போட்டேன். ரெண்டாவது மாசம் எல்லாம் போச்சு. போயி நின்னு அழுதேன். அவங்க சொன்னாங்க, நீ அஞ்சு பேரைச் சேர்த்து விட்டா உன் ஃபீஸ் முழுக்கத் திருப்பித் தர்றோம், மேடையில ஏறி நாலு வார்த்தை பேசுன்னு. கோட்டும் அவங்களுதுதான்."

"எத்தனை பேரைச் சேர்த்தே?" என்று கேட்டாள் மனைவி.

"நாலு பேரு, அக்கா. மாஸ்டர்தான் அஞ்சாவது."

மாஸ்டரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. "அப்ப அன்னிக்கு நான் நேருக்கு நேரா கேட்டேனேடா. சேருங்கன்னியே!"

"சொன்னேன்."

"என் முகத்தைப் பார்த்துச் சொன்னியா?"

"உங்க முகத்தைப் பார்த்திருந்தா சொல்லியிருக்க முடியாது மாஸ்டர்." அவன் ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தான். "மத்த நாலு பேரும் எனக்கு யாருன்னே தெரியாது. அவங்களும் மனுஷங்கதான், இல்லேங்கல. ஆனா தெரியாதவங்கன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். உங்களைப் பார்த்ததும் அது முடியல. இன்னிக்கு மூணாவது கடையில சரக்கு இறக்கிக்கிட்டிருக்கேன், மணியைப் பார்த்தா ரெண்டு. அஞ்சு மணிக்குள்ள கட்டிருவீங்கன்னு ஞாபகம் வந்துச்சு. மீதி மூட்டையை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்."

"ஃபீஸ்?" என்றார் மாஸ்டர்.

"நாலு பேரோட நின்னா ஒண்ணும் கிடையாது. அது போனது போனதுதான்."

மாஸ்டர் திண்டாடிப் போனார். அடிக்கவா, கட்டிப்பிடிக்கவா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் மனைவியின் குரல் கேட்டது. "சாப்பிட்டீங்களா?" "இல்லக்கா." "உட்காருங்க." படிக்கட்டில் தட்டு வைக்கிற சத்தம். ரொட்டியும் இரண்டு அவித்த முட்டையும் சூடாக ஒரு டம்ளர் டீயும். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான் என்று பிற்பாடு அவள் சொன்னாள்.

அன்று ஐந்து மணி வந்தது, போனது. மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். அலமாரியில் வங்கிப் புத்தகம் பழைய இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர்தான் தானாகச் சொன்னார்: "உங்கம்மா கேட்ட நாலு கேள்வியும் சரியான கேள்வி." மனைவி அதைக் காதில் வாங்காதவள் மாதிரித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆனால் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

ஆசை ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சந்தையே இல்லை என்று ஆகிவிடுமா என்று அவர் மனம் முரண்டு பிடித்தது. மனைவிக்கும் அது தெரியும். அவள் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு தினமும் போகிற வழியில் ஆஸ்பத்திரிக் கணக்கு அலுவலகம் இருந்தது. அங்கே கணக்கு மேடம் என்று ஒரு அம்மாள். மாஸ்டரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். சனிக்கிழமை மதியம் நூலகத்து மாடியில் பங்குகளைப் பற்றி வகுப்பு எடுப்பதாக நர்சுகள் பேசிக்கொண்டது மனைவி காதில் விழுந்திருந்தது. ஒரு சனிக்கிழமை மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாடியில் பழைய செய்தித்தாள் வாசனை. எட்டுப் பேர், நீள பெஞ்சு, சின்னக் கரும்பலகை. மனைவி தன் நான்கு கேள்வியையும் மறுபடி எடுத்தாள். கணக்கு மேடம் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"இதுவரைக்கும் நாப்பத்தோரு பேர் படிச்சிருக்காங்க. பாதிப் பேர் படிச்சு முடிச்சதும் இது நமக்கு ஒத்துவராதுன்னு போயிட்டாங்க. அதுவும் நல்ல பலன்தான். ரெண்டு வகுப்பு வந்து பாருங்க, பிடிக்கலைன்னா ஃபீஸ் வாங்க மாட்டேன். என் கணக்கு இந்த நோட்டுல இருக்கு, யாரு வேணா பார்க்கலாம். முதல் மூணு வருஷம் நஷ்டம்தான். எந்தப் பங்கை வாங்கணும்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும், என்கிட்ட கிடையாது."

மாஸ்டர் முகம் மலர்ந்தது. பையிலிருந்து பணத்தை எடுத்தார். அவள் வாங்கவில்லை.

"நீங்க இப்ப என்ன வேலை பார்க்கிறீங்க?"

"வேலை இல்ல மேடம். அதுக்காகத்தானே இது."

"அப்ப இப்ப வேண்டாம்."

"ஏன் மேடம்?"

"இந்த மாசச் சாப்பாட்டுக்கு இதுலருந்து பணம் வரணும்னு உட்கார்ந்தா, உங்களுக்குப் பயம் வரும். பயத்துல விக்கக் கூடாதப்ப விப்பீங்க, வாங்கக் கூடாதப்ப வாங்குவீங்க. நான் என்ன சொல்லிக் கொடுத்தாலும் காதுல ஏறாது. முதல்ல ஒரு வேலையைத் தேடிக்குங்க. இடம் எங்கயும் போகாது, பெஞ்சு இங்கதான் இருக்கும்."

திரும்பி வரும்போது மாஸ்டர் வழிநெடுகப் புலம்பினார். "காசு கொடுக்கிறேங்கிறேன், வேண்டாங்கிறாங்களே. இது எந்த ஊரு நியாயம்?" மனைவி மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த இடம்தான் தாங்கள் தேடிய இடம் என்று அவளுக்குப் பட்டது.

வேலையும் பயில்வான் மூலமாகத்தான் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு மாதம் அவன் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்றபடி கூப்பிட்டான்.

"மாஸ்டர், பேக்கரி அடுப்பு பண்ணி விக்கிற பட்டறை ஒண்ணு இருக்கு. அடுப்பு பண்றவனுக்கு இரும்பு தெரியுது, ரொட்டி தெரியல. பின்பக்கம் கருகுது, முன்பக்கம் வேகலைன்னு வாங்கினவன் எல்லாம் சண்டைக்கு வர்றான். உங்களைப் பத்திச் சொன்னேன். நாளைக்கு வரச் சொன்னாங்க."

"அங்க மாவு இருக்குமேடா?"

"கேட்டுட்டேன். சோதனைக்கு வேற இடத்துல பிசைஞ்சு, டப்பாவுல போட்டு எடுத்துட்டு வருவாங்களாம். நீங்க தொடவே வேண்டாம். சொன்னா போதும்."

பட்டறையில் மாஸ்டருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் அடுப்புக்குள் கையை நீட்டிச் சூடு பார்ப்பார். பர்னர் இரைகிற சத்தத்தைக் கேட்டே காற்று அதிகமா குறைவா என்று சொல்வார். முதல் மாதத்திலேயே சண்டைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சம்பளம் பேக்கரிச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கம்மிதான். ஆனால் படியேறினால் இரைப்பு வரவில்லை.

முதல் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை நூலகத்து மாடிக்குப் போனார். கணக்கு மேடம் அவரைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் பெஞ்சில் இருந்தவர்களை நகர்ந்து இடம்விடச் சொன்னாள். மாஸ்டரைப் பென்சிலும் நோட்டும் வாங்கி வரச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு எல்லா வியாபாரமும் நோட்டில்தான். வாங்கியதாக எழுத வேண்டும், ஏன் என்று பக்கத்தில் எழுத வேண்டும், விற்றால் அதையும் எழுத வேண்டும். மாஸ்டர் முதல் மாதமே நோட்டில் ஓட்டாண்டி ஆனார். அந்தப் பக்கத்தை மனைவியிடம் காட்டினார்.

"அங்க சேர்ந்திருந்தா இது அத்தனையும் நிஜப் பணம். இப்ப பென்சில் செலவோட போச்சு" என்றார். இருவரும் அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம் அவர் முதன்முதலாக நிஜமாக வாங்கினார். மூன்றே மூன்று பங்கு. ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் செய்யும் கம்பெனி. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கம்பெனியின் வருஷ அறிக்கையை இரண்டு வாரம் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார். கணக்கு மேடம் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "காரணத்தை எழுதிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "மூணு பக்கம் எழுதியிருக்கேன் மேடம்" என்றார் மாஸ்டர். வகுப்பே சிரித்தது.

அந்த வாரம்தான் ஒரு விஷயம் அவர் காதுக்கு வந்தது. பயில்வான் அந்த நாலு பேரையும் தேடிக்கொண்டு போகிறானாம். முதல் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டாவது ஆள் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பித்தான் தெறித்துவிட்டது. மூன்றாவது ஆள் முழுசாகக் கேட்டுவிட்டு, மிச்சமிருந்ததைச் சந்தையில் போடாமல் நிறுத்திக்கொண்டாராம். நாலாவது ஒரு தையல்காரம்மா. அங்கே போகத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. மூன்று முறை தெரு முனை வரை போய்த் திரும்பிவிட்டான்.

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலை லாரி நிறுத்துமிடத்துக்குப் போனார். பயில்வான் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது.

"எழுந்திரு. போலாம்."

"எங்க மாஸ்டர்?"

"தையல்காரம்மா வீட்டுக்கு."

அவன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "நீங்க எதுக்கு மாஸ்டர்? அடியும் திட்டும் எனக்குச் சேர வேண்டியது."

"உனக்குச் சேர வேண்டியது வேற ஒண்ணும் இருக்கு. அதை நான் இன்னும் வாயால சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அதான். வா."

தையல்காரம்மாவின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. சன்னலோரம் தையல் எந்திரம். கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்த அந்த அம்மாள் பயில்வானைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அவள் முகம் மாறியது. பயில்வான் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

மாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்து கைகூப்பினார்.

"அம்மா, என்னை உங்களுக்குத் தெரியாது. இவன் உங்களை ஏமாத்தினவன். அதே இவன்தான் என்னைக் காப்பாத்தினவன். கையில வர இருந்த பணத்தை விட்டுட்டு, பாதி மூட்டையை இறக்காம, ஈரச் சட்டையோட ஓடி வந்து என்னைத் தடுத்தான். இன்னிக்கு நான் மூச்சு இரைக்காம உங்க வாசல்ல நிக்கிறேன், என் பொண்ணு படிப்பை முடிக்கப் போறா, எல்லாம் இவனாலதான். இப்ப உங்ககிட்ட உண்மையைச் சொல்ல வந்திருக்கான், வாய் வரல. நீங்க எவ்வளவு வேணா திட்டுங்க. ஆனா கொஞ்சம் உட்கார வச்சுத் திட்டுங்க. அவனுக்குக் கால் நடுங்குது."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போனாள். நாற்காலியின் மேல் குவிந்து கிடந்த வெட்டுத் துணிகளை இரண்டு கையாலும் அள்ளி எந்திரத்தின் மேல் போட்டாள். பிறகு இன்னொரு நாற்காலியையும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.